டாஷ்போர்டில் ஒரு பாலாலயம்

வேதாசலத்தின் காரில் முருகன் ஏறி உட்கார்ந்த நாளில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. திருத்தணியில் புது வண்டி எடுத்தவன் அதை மலைக்கு ஓட்டிப்போய், மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான். அப்படி நசுக்காமல் கொண்டுபோன வண்டி ஒன்று மணவூர் கேட் பக்கம் மூச்சை நிறுத்திக்கொண்டது. பழம் வாங்கிவர ஆள் போய், அவன் பையிலிருந்து பழத்தை வெளியே எடுத்ததுமே, சாவி போடாமல் தானே ஸ்டார்ட் ஆனது. பார்த்தவர்கள் இன்றும் உயிரோடுதான் இருக்கிறார்கள், யாரென்றுதான் தெரியவில்லை.

ஆகவே வேதாசலமும் முறைப்படிதான் செய்தார். மலையடிவாரத்துச் சின்னக் கோயிலின் சாமிநாத குருக்கள் வந்து பூஜை போட்டார். வேதாசலத்தின் மனைவி தமயந்தி மலைமேல் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பித்தளை வேல் வாங்கினாள். ஒரு ஜாண் உயரம், கீழே பீடம், பீடத்தில் மயில். கையில் எடுத்தால் முற்றின தேங்காய் கனம். குருக்கள் அதற்குச் சந்தனம் வைத்து, "எங்கே வைக்கப் போறேள்?" என்றார். ஓட்டுகிறவர் கண்ணை மறைக்கக் கூடாது என்று தமயந்தி டாஷ்போர்டின் இடது பக்கத்தைக் காட்டினாள். அதாவது, தான் உட்காரும் சீட்டுக்கு நேர் எதிரே. ரெண்டு டியூபைக் கலந்து பூசும் பசையால் அவளே ஒட்டினாள். அந்தப் பசையால் ஒட்டினால் ஆட்டுக்கல் ஆகாயத்தில் நிற்கும்.

அன்றிலிருந்து தமயந்தி வண்டியில் ஏறியதும் முதல் வேலை வேலுக்குப் பூ வைப்பது. ரெண்டாவது வேலை, சீட் பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்வது. பெல்ட் மாட்டாவிட்டால் வண்டி கூவும். கூவுகிற வாயை அடைத்தாயிற்று, புடவையும் கசங்கவில்லை. இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு வேறில்லை என்று வேதாசலமும் நினைத்திருந்தார். அவர் நினைப்பைக் கெடுத்தது ஏசி.

சித்திரை வெயிலில் ஏசி கரும்பு ஆலை மாதிரி சூடாக ஊதத் தொடங்கவே, அரக்கோணம் ரோட்டில் தஸ்தகீரின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். தஸ்தகீர் ஏசியைப் பார்க்கக் கதவைத் திறந்தவர், வேலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். காலில் இருந்த செருப்பைக் கழற்றினார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"நைனா, இத யாரு இங்க வெச்சது?"

"எங்க வீட்டம்மாதான். ஏன் பாய், அழகா இல்ல?"

"அழகுக்கு இன்னா கொறச்சல். உக்காந்த எடந்தான் தப்பு." தஸ்தகீர் டாஷ்போர்டின் மேல் விரலால் ஒரு சதுரம் போட்டுக் காட்டினார். வேல் அந்தச் சதுரத்தின் நட்டநடுவில் இருந்தது. "இது சும்மா பிளாஸ்டிக்கு இல்ல, மூடி. இதுக்குக் கீழ ஒரு பைய மடிச்சு வெச்சுக்கிறான், உங்க வீட்டம்மா பட்டுப்பொடவ மடிக்கிற மாதிரி. பக்கத்துல ஒரு டப்பா. டப்பால மருந்து."

"இன்னா மருந்து?"

"வெடிமருந்து மாதிரின்னு வெச்சிக்கோ."

வேதாசலம் ஒரு அடி பின்னால் போனார்.

"பயப்படாத நைனா. அது சும்மா வெடிக்காது. வண்டிக்குள்ள ஒரு பொட்டி கீது. அதுதான் பார்த்துகினே இருக்கும், நீ பிரேக் போட்டியா, பள்ளத்துல உட்டியா, நெஜமாலுமே போய் மோதிட்டியான்னு. மோதல்தான்னு தெரிஞ்சா மருந்துக்கு நெருப்பு வைக்கும். மருந்து காத்தா மாறிப் பையில ரொம்பும். நீ கண்ண மூடணும்னு நெனைக்கிறதுக்குள்ள இந்த மூடியக் கிழிச்சுகினு பை வெளிய வந்து மூஞ்சத் தாங்கிடும்."

"அப்ப நல்லதுதான பாய்?"

"நல்லதுதான். ஆனா மூடிமேல யாரு உக்காந்துகினு இருக்காரு?"

வேதாசலம் வேலைப் பார்த்தார். வேலிலிருந்து சீட்டுக்கு மனசுக்குள்ளேயே ஒரு நூல் பிடித்தார். நூல் நேராகப் போய்த் தமயந்தியின் முகத்தில் முடிந்தது. 

"அவ பெல்ட்டு மேல உக்காந்துகினு வருவா பாய்," என்றார், இன்னும் என்னென்ன தப்பு இருக்கிறதோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடலாம் என்று.

"யா அல்லா! பெல்ட்டுலயும் மருந்து கீது நைனா." தஸ்தகீர் கதவுக்குப் பக்கத்துத் தூணைத் தட்டிக் காட்டினார். "இதுக்குள்ள. மோதின ஒடனே, பை வர்றதுக்கு முன்னாலயே, தொளதொளன்னு கீற பெல்ட்ட வெடுக்குனு உள்ள இழுத்து ஆள சீட்டோட சேத்துப் புடிச்சுக்கும். அப்புறம் நெஞ்செலும்பு ஒடையாம இருக்கக் கொஞ்சமா உட்டுக் குடுக்கும். அதுக்கப்புறம் பை வரும். ரெண்டும் ஜோடி மாடு. ஒண்ண அவுத்து உட்டுட்டு ஒண்ண மட்டும் பூட்டினா வண்டி கொட சாஞ்சிடும். பெல்ட்டு இல்லாத ஆளு முன்னால பறந்து போவான், பை எதுத்தாப்புல பறந்து வரும். அப்ப அது தலவாணி இல்ல, ஒத. இதுல வேலு வேற."

ஏசி சரியாகிவிட்டது. வேதாசலத்துக்குத்தான் குளிர் விடவில்லை.

அடுத்த நாளே தமயந்தி பள்ளிப்பட்டுக்குப் போக வேண்டும் என்றாள். விஷயத்தை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாததால் வேதாசலம் தன் யோசனைப்படி ஒரு பாதுகாப்பு செய்தார். வண்டியை மெதுவாக ஓட்டினார். எவ்வளவு மெதுவாக என்றால், காவடி செலுத்திவிட்டு ஆந்திரப் பக்கத்து நகரிக்கு நடந்து திரும்பிய கூட்டம் பின்னாலிருந்து வந்து அவரை முந்திக்கொண்டு போனது. அதில் ஒரு பெரியவர் இரக்கப்பட்டு ஜன்னல் வழியாகத் திருநீறு பூசி, "ஒடம்புக்கு என்ன நைனா?" என்று தெலுங்கில் விசாரித்தார். புறப்படும்போது பக்கக் கண்ணாடியில் கூடு கட்டத் தொடங்கிய சிலந்தி பள்ளிப்பட்டு சேர்வதற்குள் குடும்பம் நடத்தத் தொடங்கியிருந்தது. ஓரத்தில் மேய்ந்த ஆடுகள் மேய்ந்தபடியே கூட வந்தன.

"இன்னா, பொணம் எடுத்துகினா போற?" என்றாள் தமயந்தி. "அந்த ஆடு நம்மள ரெண்டு தபா சுத்தி வந்துடுச்சி."

"பின்னால சீட்டுல உக்காந்துக்கோயேன் தமயந்தி. காத்து நல்லா வரும்."

"பின்னால உக்காந்தா எனுக்கு வாந்தி வரும்னு தெரியாது? முப்பது வருஷமா கூடக் குடும்பம் நடத்திகினுகீற. முன்னால யார உக்கார வைக்கப் போற, அதச் சொல்லு."

இதற்குமேல் மறைத்தால் வேறு விவகாரமாகிவிடும் என்று தோன்றியதால் வேதாசலம் வண்டியை ஓரம் கட்டினார். கட்டுவதற்கு ஒன்றுமில்லை, ஏறக்குறைய நின்றுகொண்டுதான் இருந்தது. பை, மருந்து, மூடி, தூண், ஜோடி மாடு எல்லாவற்றையும் சொன்னார். தமயந்தி முழுக்கக் கேட்டாள். பிறகு வேலின் பூவைச் சரிசெய்தாள்.

"தெனம் பூ வைக்கிறவ நானு. முருகன் என் மூஞ்சிலயா வந்து குத்துவாரு?"

"அவுரு குத்த மாட்டாரும்மே. பை தள்ளும்."

"தள்ளுற பைய அவுரு அமுக்கிப் புடிச்சுக்குவாரு. அதுக்குத்தான வெச்சிருக்குது." அவள் அந்தப் பேச்சை அத்தோடு முடித்தாள். "வெச்ச சாமிய எடுக்கிறது வெளையாட்டா? எடுத்தா வண்டிக்கு ஆவாது. வேணும்னா வெச்ச குருக்களயே கேட்டுப் பாரு."

கேட்கத்தான் போனார் வேதாசலம். சாமிநாத குருக்கள் மடைப்பள்ளி வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். வேலுக்குக் கீழே வெடிமருந்து இருக்கிறது என்ற இடம் வந்ததும் விசிறி நின்றது. அன்றைக்கு அதற்கு மேலேதான் அவர் சூடத் தட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டியிருந்தார்.

"இது தெரியாம போயிடுத்தே," என்றார். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. "இதுக்கு வழி இருக்கே! கோயில்ல திருப்பணி பண்றப்போ சாமியை என்ன பண்றோம்? மூலஸ்தானத்துல இருக்கற சக்தியைக் கலசத்துல இறக்கி, வேற எடத்துல பாலாலயம் பண்ணி வச்சுடறோம். சாமி கோச்சுக்கறதில்லை. வேலை நடக்கறதுன்னு அவருக்குத் தெரியும். வண்டிக்கும் அதையே பண்ணிடலாம்."

"காருக்குப் பாலாலயமா சாமி?"

"ஏன், மரத்தேருக்குப் பண்ணலாம்னா மாருதிக் காருக்கும் பண்ணலாம். அதுக்கும் வாகனம்னுதானே பேர்? நாளைக்குக் காலம்பற அந்த மெக்கானிக்கை வரச் சொல்லு. கலசம் நான் கொண்டு வரேன்."

மறுநாள் காலையில் வேதாசலம் வீட்டு வாசலில் நடந்த அந்தச் சடங்கை எந்த ஆகமத்திலும் தேடிப் பயனில்லை. செம்பில் நூல் சுற்றி, மாவிலை செருகி, தேங்காய் வைத்துக் கலசம் பானெட்டின் மேல் நின்றது. தஸ்தகீர் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தமயந்தி கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். சம்மதம் என்று அவள் சொல்லவில்லை, குருக்கள் செய்வதில் குறை கண்டுபிடிக்கத்தான் நிற்கிறாள் என்று வேதாசலத்துக்குத் தெரியும்.

குருக்கள் சூடத்தைக் கொளுத்தித் தட்டோடு காருக்குள் தலையை நுழைத்தார்.

"சாமீ!" என்று தஸ்தகீர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் காக்கை பறந்தது. "நெருப்பு உள்ள வாணாம் சாமீ! கும்புடுறேன், வெளிலயே காட்டுங்க!"

குருக்கள் தலையை எடுத்த வேகத்தை அவர் வயசுக்காரர் யாரும் அதற்கு முன் காட்டியதில்லை. தீபாராதனை முன்கண்ணாடிக்கு வெளியே நடந்தது.

தஸ்தகீர் பேட்டரி வயரைக் கழற்றினார். "கழட்டினாலும் அந்தப் பொட்டிக்குள்ள மிச்ச கரண்டு கொஞ்சம் தங்கியிருக்கும். மோதும்போது பேட்டரி ஒடைஞ்சி போனாகூட பை வரணும் இல்ல, அதுக்குச் சேத்து வெச்சிருக்கும். எறங்கற வரிக்கும் கை வைக்கக் கூடாது."

"நேக்கும் அவ்வளவு நாழி வேணும்," என்று குருக்கள் மந்திரத்தைத் தொடங்கினார். டாஷ்போர்டின் மேலிருந்து முருகனும் டாஷ்போர்டின் கீழிருந்து கரண்டும் ஒரே சமயத்தில் இறங்கின. எது முதலில் இறங்கி முடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. குருக்கள் "ஆச்சு" என்றதும் தஸ்தகீரும் "ஆச்சு" என்றார்.

பிறகு தஸ்தகீர் தூண்டில் நரம்பை எடுத்துப் பீடத்துக்கும் மூடிக்கும் நடுவில் கொடுத்து, ரம்பம் மாதிரி இழுத்து இழுத்து அறுத்தார். வியர்வை சொட்டியது. வேல் கடைசியில் கையோடு வந்ததும் அதைத் தமயந்தியிடம் ரெண்டு கையாலும் கொடுத்தார். மூடியின் தையலில் ஏறியிருந்த பசையை நகத்தால் சுரண்டித் தடவிப் பார்த்தார். "நல்ல வேள. இன்னும் கொஞ்சம் போயிருந்தா மூடியே தொறந்திருக்காது."

அவர் பேட்டரி வயரைத் திரும்ப மாட்டியதும், தமயந்தி வேலோடு நேராகப் போய் முன் சீட்டில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டாள். "இப்ப சரியா?"

தஸ்தகீர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா தாயே, அங்க இருந்ததுக்கு இன்னும் கிட்டக்க கொண்டுவந்துட்டியே!"

"பின்ன எங்கதான் வைக்கிறது? டிக்கிலயா? சாமிய ஸ்டெப்னி டயரு பக்கத்துல படுக்க வைக்கச் சொல்றியா?"

வேதாசலம் வேலியைப் பார்த்தார். குருக்கள்தான் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தமயந்தியின் முழங்காலுக்கு எதிரே இருந்த சின்னக் கதவைத் திறந்தார். காகிதங்கள் வைக்கிற பெட்டி அது. திறந்ததும் உள்ளே குட்டி விளக்கு ஒன்று பளிச்சென்று எரிந்தது. குருக்களின் முகமும் எரிந்தது.

"கர்ப்பக்கிரகம்!" என்றார். "கதவு இருக்கு, விளக்கு இருக்கு. மேல இருந்தவருக்கு வெயில்தான் அடிச்சுண்டிருந்தது. ஏறும்போது நடை திறந்து பூ வை. வண்டி கிளம்பினா நடை சாத்திடணும். ஓடற வண்டில தரிசனம் கிடையாது."

தமயந்தி விளக்கைப் பார்த்தாள். மூடினாள், அணைந்தது. திறந்தாள், எரிந்தது. இதை அவள் பல முறை செய்தபோதே விவகாரம் தீர்ந்துவிட்டது என்று வேதாசலத்துக்குப் புரிந்தது. பட்டுத்துணியில் சுற்றி வேலைப் படுக்க வைத்து, கலசத் தண்ணீர் தெளித்து, நடை சாத்தியாயிற்று.

"பெல்ட்டு?" என்றார் வேதாசலம், சந்தடியோடு சந்தடியாக.

"குறுக்க மாட்டினா குருக்களாட்டம் இருக்கும்."

"இருந்தா என்ன?" என்றார் குருக்கள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தஸ்தகீர் பெல்ட்டை மெதுவாக இழுத்துக் காட்டினார், வந்தது. வெடுக்கென்று இழுத்தார், பூட்டிக்கொண்டது. தமயந்தியும் இழுத்துப் பார்த்தாள். அது தன் பேச்சைக் கேட்காதது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. அந்த வீட்டில் அப்படி ஒன்றும் அதுவரை இருந்ததில்லை. மாட்டிக்கொண்டாள்.

பொதட்டூர்பேட்டையில் தமயந்தியின் தங்கை உதயா வீட்டில் காதுகுத்து. வேதாசலத்தின் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியிருந்ததால் கால் கொஞ்சம் அழுந்தியது. சிலந்தி பிடிமானம் தேடி ஓடியது. முள் அறுபதைத் தொட்டபோது ஓர் எருமை ரோட்டுக்கு வந்தது. அது அவசரப்படவில்லை. நடு ரோட்டில் நின்று, வருகிற வண்டி யாருடையது என்று பார்த்தது. வேதாசலம் பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தார். எருமை தப்பியது. புளியமரம் தப்பவில்லை.

பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்து வெடுக்கென்று சீட்டோடு இழுத்தார்கள். அதைத்தான் அவர் முதலில் உணர்ந்தார். அடுத்து உலகமே வெள்ளையானது. அதற்கும் அடுத்துதான் 'டமார்' என்ற சத்தம் கேட்டது போலிருந்தது. கேட்டதோ இல்லையோ, அதோடு எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. தீபாவளி விடியற்காலை வாசனை அடித்தது. முகத்தைத் தாங்கிய பை அதற்குள் காற்று இறங்கி, ஸ்டியரிங்கில் ஈரத்துணி மாதிரி தொங்கியது.

"தமயந்தி!" என்று கூப்பிட்டார். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை.

திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. உடம்பில் எல்லாம் சரியாக இருந்தது, கழுத்து மட்டும் திரும்ப மாட்டேன் என்றது. கடைசியில் கண்ணை மட்டும் முதலில் அனுப்பி, பிறகு முகத்தைத் திருப்பினார்.

தமயந்தி உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து மடிவரை வெள்ளைப் பொடி. பெல்ட் அவளைச் சீட்டோடு கட்டி வைத்திருந்தது. நெற்றி இருந்தது. கண் ரெண்டும் இருந்தன. மூக்கு இருந்த இடத்தில் இருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது, ஆனால் ஒரு சத்தமும் வரவில்லை.

"ஐயோ, பேச்சு போயிடிச்சே!" என்று வேதாசலம் அழுதார். "முருகா, அவ பேச்ச மட்டும் வாங்கிட்டியே! அது இல்லாம அவ இன்னா பண்ணுவா!"

பக்கத்துத் தெருவில் தறி நெய்துகொண்டிருந்த கண்ணையன் என்பவர்தான் முதலில் ஓடிவந்தார். கதவைத் திறந்தவர் வெள்ளைவெளேரென்று இருந்த தமயந்தியையும் மிதக்கும் புகையையும் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டு, அவள் தோளிலிருந்து கொஞ்சம் பொடி எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். பிறகுதான் பெல்ட்டை அவிழ்த்துவிட்டார்.

வேதாசலத்தின் காதில் 'ங்ஙொய்' என்று ஒரு வண்டு புகுந்தது. வண்டு சுற்றிச் சுற்றி ஓய, அதன் பின்னாலிருந்து தூரத்து ரேடியோ போல ஒரு குரல் வந்தது. கிட்டே வந்தது.

"...எரும வர்றது தெரியல? அவ்ளோ பெரிய எரும! ஆடு முந்திகினு போனப்பகூட பொறுத்துகினேன், இன்னிக்கு இன்னா அவசரம் ஒனக்கு? காது குத்தப் போற எடத்துல காதே போயிடும் போலகீதே! நானு கத்திகினே கீறேன், நீ ஒக்காந்து அழுதுகினு கீறியே, மனுசனா நீ?"

பேச்சு போகவில்லை. காதுதான் அடைத்திருந்தது. வேதாசலம் அழுகையை நிறுத்தாமலே சிரித்தார். ரெண்டையும் ஒன்றாகச் செய்தவரைக் கண்ணையன் அதற்கு முன் பார்த்ததில்லை.

தமயந்தி இன்னும் நிறையச் சொல்ல வாயெடுத்தாள். அப்போது அவள் கண் டாஷ்போர்டின்மேல் போனது. சதுர மூடி கிழிந்து மேல்பக்கமாக மடங்கியிருந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து பை தொங்கிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடி அந்த இடத்தில் நட்சத்திரமாக விரிசல் விட்டிருந்தது. மூடி எழும்பிய வேகத்தில் அடித்த அடி. அவள் கை தானாக எழுந்து முகத்தைத் தடவிப் பார்த்தது.

"இன்னாங்க," என்றாள் மெதுவாக. "அங்கதான ஒட்டி வெச்சிருந்தோம்?"

"ஆங். அங்கதான்."

தமயந்தி கையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. திட்டு பாதியில் நின்றுபோனது வேதாசலத்துக்குப் பொறுக்கவில்லை. பொடி ஒட்டிய அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மே நிறுத்திட்ட? எரும வரிக்கும் வந்த. மேல சொல்லு."

"இன்னாத்த சொல்றது?"

"எதுனா திட்டு. காது இன்னும் சரியா தொறக்கல, கொஞ்சம் சத்தமாவே திட்டு."

தமயந்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். தும்மினாள். வெள்ளைப் பொடி ஒரு மேகமாக எழுந்து அடங்கியது. பிறகு, அவர் பெண் பார்க்க வந்த அன்றைக்கு வண்டிமாட்டை எங்கே கட்டினார் என்பதில் தொடங்கினாள். பேச்சு திருத்தணி ஆஸ்பத்திரி வாசல்வரை ஓயவில்லை. வேதாசலம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே போனார்.